சுற்றி இழுத்த தோணி

என் தங்கைக்கு இரண்டு வயது நிறைந்து மேலும் மூன்று மாதம் ஆகியும் அவள் நடக்கவில்லை. நடப்பதைத் தவிர மற்றதெல்லாம் செய்தாள். பேசினாள், என்னைவிடக் கூடுதலாகவே பேசினாள். காலையில் முற்றத்தில் பாயை விரித்து அவளை நடுவில் இருத்திவிட்டால், அங்கே இருந்தபடியே வீட்டை ஆண்டாள். "கோழிய விரட்டு", "தண்ணி", "அண்ணா, அத எடு" என்று உத்தரவுகள் வரும். அம்மா, அப்பா, நான், அடுத்த வளவில் இருந்த பெரியம்மா, வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா என ஐந்து பேர் அவளுக்கு ஏவல் செய்தோம். பத்துக் கைகள், பத்துக் கால்கள். இவ்வளவும் இருக்கையில் சொந்தக் கால் இரண்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

பிடித்து நிறுத்தினால் முழங்காலை மடித்துக் கீழே இருந்துவிடுவாள். தவழ்ந்ததும் இல்லை. ஓரிடத்தில் இருத்திவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அதே இடத்தில் இருப்பாள். வாசலில் குத்துவிளக்கை வைத்துவிட்டுப் போவது போல நிச்சயமான காரியம் அது.

அம்மாவுக்கு மட்டும் அது அப்படி லேசான காரியமாக இருக்கவில்லை. நாங்கள் இருந்தது படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே போகும். பெரியம்மாவின் வீடு பெரியம்மாவுக்கு, எங்கள் வீடு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு தங்கைக்கு. ஆணாகிய எனக்கு அதன் கூரையில் ஓர் ஓலைக் கிடுகுகூடச் சொந்தமில்லை என்பதைப் பெரியம்மா வேடிக்கையாக அடிக்கடி நினைவூட்டுவார். ஆக, அந்த வீட்டின் எதிர்காலம் முழுவதும் நடக்காத இரண்டு கால்களின் மேல் நின்றது. படலை திறக்கும் சத்தம் கேட்டால் அம்மா ஓடிப்போய்த் தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். வந்தவர்கள் போகும்வரை இறக்கமாட்டார். "இப்பதான் ஓடி விளையாடிக் களைச்சுப் போனாள்" என்பார். ஒருநாள் கிணற்றடியில் ஒருத்தி, "உன்ட மகள் இன்னும் இடுப்பிலதானா கா?" என்று கேட்டுவிட்டாள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. கிணற்றடியில் கேட்ட கேள்விக்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை.

பரிசாரியார் கால்களுக்குத் தேய்க்க எண்ணெய் கொடுத்தார். மூன்று போத்தல் முடிந்தது. தங்கையின் கால்கள் பளபளவென்று மின்னின, நடக்கவில்லை. அதன் பிறகுதான் பெரியம்மா தமது வைத்தியத்தைச் சொன்னார். மணலில் இடுப்பளவு குழி தோண்டி, பிள்ளையை அதற்குள் நிற்கவைத்து, வெயில் பட்ட சூட்டு மணலால் குழியை நிரப்பிவிட வேண்டும். மடிக்க முடியாமல் நின்றால் கால் எலும்பு உறைக்கும், அதாவது பலம் பிடிக்கும். கரையோரத்துச் சனங்கள் பலர் செய்வதுதான் இது. பெரியம்மா அதோடு தம் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டார்: அந்த மணல் ஆள் காலடி படாத மணலாக இருக்கவேண்டும். இதை எங்கே பிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவும் ஒரு விதி வைத்தார். ஊரில் ஒரு கண்ணும் பார்க்கக்கூடாது.

ஆள் காலடியும் ஆள் கண்ணும் இல்லாத இடம் என்றால் வாவிக்குள் இருந்த தீவுதான். எங்கள் துறையில் நின்றால் தென்னந்தலைகள் தெரியும். பட்டணத்து முதலாளி ஒருவருடைய தென்னந்தோட்டம் அதன் நடுவில் இருந்தது. தேங்காய் பறிக்கும் நாட்கள் தவிர அங்கே ஆட்கள் போவதில்லை. மேய்வதற்கு விட்ட மாடுகள் மட்டும் நின்றன.

ஊருக்கு ஒரு காரணம் சொல்லவேண்டுமே. அதை அப்பா கண்டுபிடித்தார். நான் அந்த மாதம்தான் பதினாறாம் வாய்ப்பாடு வரை பாடமாக்கி முடித்திருந்தேன். வகுப்பில் என்னைத் தவிர ஒருவனும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. அப்பா ஒருநாள் மாலை வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாக, "மகன் பதினாறு வரைக்கும் பாடமாக்கிட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தீவுக்குப் போறம், அவனுக்குப் பரிசு" என்றார். எனக்கு எட்டு வயது. ஒரு வாய்ப்பாட்டுக்கு ஒரு தீவு பரிசாகக் கிடைக்கும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. இன்னும் நான்கு வாய்ப்பாடு படித்தால் கொழும்புக்குக் கூட்டிப்போவார்களா என்றுதான் யோசித்தேன்.

அந்த வருடம் மாரி கனத்திருந்தது. மழை விட்டு மூன்றாம் நாள் நல்ல வெயில். ஆனால் வாவி நிரம்பிக் கிடந்தது. மாரிக்காலத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு அடைத்திருந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் வயல்களுக்குள் ஏறிவிடும். அப்போது அந்த மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்குள் விடவேண்டும். ஆற்றுவாய் வெட்டுவது என்று சொல்வோம். எங்கள் வயல்வெளியான வட்டை முழுவதும் வேளாண்மை என்கிற நெற்பயிர் கழுத்தளவு தண்ணீருக்குள் நின்றது. அப்பா அந்த வட்டைக்கு வட்டவிதானை. வாய்க்காலுக்கும் வேலிக்கும் அவர்தான் பொறுப்பு. ஆற்றுவாயை வெட்டச் சொல்லி அவர் அரசாங்கத்துக்கு மூன்று பெட்டிசம் எழுதியிருந்தார். மூன்றுக்கும் 'இதோ வெட்டுகிறோம்' என்று பதில் வந்தது. ஒன்றுக்கும் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளாப்பில், கிழக்கு வெளுக்கும்போதே புறப்பட்டோம். மாமா காத்தான்குடிச் சிநேகிதர் ஒருவரிடம் தோணி இரவல் வாங்கியிருந்தார். ஆறு பேர் சௌகரியமாக இருக்கக்கூடிய, அடி தட்டையான, கனத்த தோணி. மாமா பின்னால் நின்று கோல் ஊன்றினார். நடுவில் கட்டுச்சோற்றுப் பெட்டி, தயிர்ச்சட்டி இரண்டு, ஒரு பாய், ஒரு மண்வெட்டி, ஒரு கறுப்புக் குடை. என் பரிசுக்கு மண்வெட்டி எதற்கு என்று கேட்டேன். மாமா, "புதையல் எடுக்கத்தான்" என்றார். தங்கை அம்மாவின் மடியில் இருந்து, பறக்கும் கொக்குகளை எல்லாம் "வா, இஞ்ச வா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றும் வரவில்லை. தன் உத்தரவுக்குப் பணியாத பிராணிகளை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள்.

"அத்தான், இண்டைக்கு ஆத்துவாய் வெட்டுறெண்டு சந்தியில கதைச்சாங்க" என்றார் மாமா.

"வெட்டுவானுகள்" என்றார் அப்பா. "மூணு தரம் சொல்லி ஏமாத்திப்போட்டு நாலாந்தரமா வெட்டப்போறானுகள்? நம்மட வேளாண்மை அழுகி முடிஞ்ச மறுகா மாலை போட்டுக்கொண்டு வருவானுகள்."

நான் முதலில் தண்ணீருக்குள் நட்டிருந்த மீன் பிடிக்கும் கம்புகளை எண்ணினேன். பிறகு அவற்றின் மேல் இருந்த நீர்க்காகங்களை எண்ணினேன். எண்ணுவது அப்போதே என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்த பழக்கம். இன்றும் வீட்டில் விளக்கணைக்கும் முன் கதவுகளை எண்ணாமல் எனக்குக் கண் மூடாது. காகங்கள் முடிந்ததும் தோணிக்குள் திரும்பி ஆட்களை எண்ணத் தொடங்கினேன். பெரியம்மா என் விரலைப் பிடித்து மடக்கினார்.

"ஆக்கள எண்ணாத மனே. எண்ணினாக் குறைஞ்சிரும். கண்ணூறு."

"எண்ணாட்டிக் குறைஞ்சது எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"இவன் அப்பன்ட புள்ளதான்" என்றார் பெரியம்மா. அம்மா சிரித்தார். அன்று காலை அம்மா சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

தீவின் கரையில் முழங்காலளவு தண்ணீரில் தோணியை நிறுத்தி, ஒரு கண்ணாமரத்தின் வேரில் கயிற்றைக் கட்டினார் மாமா. பொருட்கள் இறங்கின. உடனே பெரியம்மா ஆள் காலடி படாத மணலைத் தேடத் தொடங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னே அவர், மண்வெட்டியோடு மாமா, குடையோடு அம்மா, பின்னால் நான். போன இடமெல்லாம் மாட்டின் குளம்படி.

"பெரியக்கா, மாட்டுக்கால் ஆள்காலோட சேத்தியா?" என்று கேட்டார் மாமா.

"மாடு லட்சுமிடா. அது பரவாயில்ல."

"நரி மிதிச்சிரிக்கி. நரி ஆரு?"

பெரியம்மா குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஒரு பற்றையைச் சுற்றி வந்து சட்டென்று நின்றார். "அடே, ஆரோ வந்திரிக்காங்கடா! இஞ்ச பார், ஆள்கால். பெரிய கால்."

மாமா வந்து பார்த்தார். "உங்கட கால்தான் பெரியக்கா. இப்பதான் இதால போனீங்க."

உண்மைதான். காலடி படாத மணலைத் தேடித் தேடிப் பெரியம்மா அந்தப் பக்கத்து மணல் முழுவதையும் மிதித்து முடித்திருந்தார். அம்மாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. கடைசியில் பெரியம்மாவை ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, மாமா கரையோரமாக ஒரு மேட்டைக் காட்டினார். அதில் பறவைக் கால்கள் மட்டுமே கீறிக் கிடந்தன. பறவை வானத்துக்கு உரியது என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். குழி தோண்டப்பட்டது.

தங்கையை உள்ளே நிறுத்தி, மேலே காய்ந்து கிடந்த மணலை அள்ளி அள்ளிப் போட்டார் அம்மா. இடுப்பு வரை மணல். மேலே தங்கை, தலைக்கு மேலே கறுப்புக் குடை. அவள் அழுவாள் என்று எல்லோரும் பயந்திருந்தார்கள். அவள் நான்கு பக்கமும் பார்த்தாள். எல்லோரும் தன்னைச் சுற்றிக் குந்தியிருப்பதைக் கண்டாள். அந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"தயிர்" என்றாள்.

தயிர் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று அம்மா கேட்டார். எலும்பு உறைக்கும்வரை என்றார் பெரியம்மா. அது எப்போது உறைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. அப்போது அப்பா என்னைப் பார்த்து, "நீ வாய்ப்பாட்டைச் சொல்லு மனே. இரண்டிலிருந்து பதினாறு வரைக்கும்" என்றார். இதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்று நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தொடங்கினேன். தங்கை ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொன்னாள். முடித்ததும் அப்பா, "இன்னொருக்கா" என்றார். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார்கள். இத்தனை ஆர்வமாக என் வாய்ப்பாட்டை யாரும் கேட்டதில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதையும், எல்லாருடைய கண்ணும் மணலில்தான் இருந்தது என்பதையும் நான் பொருட்படுத்தவில்லை. என் விழாவின் உச்சம் அது.

மூன்றாம் முறை பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு என்று முடித்தபோது, அம்மா மணலை விலக்கித் தங்கையைத் தூக்கி வெளியே நிறுத்தினார். கைகளை மெல்ல விட்டார். தங்கை முழங்காலை மடித்தாள். இருந்தாள்.

அம்மா அவளை மடியில் வைத்து, கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மணலைத் தட்டினார். பத்து விரலும் முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரே நாள்ல ஆகுமா கா?" என்றார் பெரியம்மா. "இன்னும் ரெண்டு தரம் கொண்டுவரவேணும்."

"ஓம்" என்றார் அம்மா.

ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறது. தென்னை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பொரித்த மீன், மாசிச் சம்பல், பிறகு தயிரும் சர்க்கரையும். மாமா எங்கிருந்தோ இளநீர் கொண்டுவந்தார். முதலாளியிடம் கேட்டீர்களா என்று அப்பா கேட்டதற்கு, மரத்திடம் கேட்டேன், மரம் மறுக்கவில்லை என்றார். அப்பாவே சிரித்தார். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. வயலைப் பற்றிய கவலையும் தங்கையைப் பற்றிய கவலையும் அக்கரையில் தங்கிவிட்டது போல எல்லோரும் கால் நீட்டிப் படுத்தார்கள். நான் தென்னைகளை எண்ணினேன். முதல் தரம் நாற்பத்தொன்று, இரண்டாம் தரம் நாற்பத்து மூன்று. எது சரி என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது மாமா தோணியைப் பார்க்கப் போனார். போனவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பிறகு கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டு, "அத்தான்! இஞ்ச ஒருக்கா வாங்க!" என்று கூப்பிட்டார்.

காலையில் முழங்காலளவு தண்ணீரில் நின்ற தோணி இப்போது ஈர மணலின் மேல் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் தூரத்தில் மின்னியது. நடுவே காலையில் இல்லாத ஒரு வெளி, வழித்துத் துடைத்தது போலக் கிடந்தது. அதில் அங்கங்கே குட்டைகள், குட்டைகளில் துள்ளும் மீன்கள், மீன்களைக் கொத்த இறங்கிய கொக்குக் கூட்டம்.

அப்பா ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை போலக் கத்தினார்: "வெட்டிட்டானுகள்! ஆத்துவாய வெட்டிட்டானுகள்! வேளாண்மை தப்பிட்டுது!"

"ஓம் அத்தான். வேளாண்மை தப்பிட்டுது. நாம எப்பிடித் தப்பிற?" என்றார் மாமா.

அப்பாவின் கைகள் மெல்ல இறங்கின.

"மூணு பெட்டிசம் போட்டது ஆரு?" என்றார் மாமா. "நல்லா எழுதியிரிக்கீங்க. ஒரு நாள்ல வேலை செஞ்சிரிச்சி."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. நிற்க நிற்கத் தண்ணீர் இன்னும் விலகிப்போகும். இருட்டுவதற்குள் தோணியைத் தண்ணீருக்கு இழுத்தாகவேண்டும். அம்மா பாயை நிழலில் விரித்து, நடுவில் தங்கையை இருத்தி, கையில் ஒரு சிரட்டையும் கொடுத்துவிட்டு வந்தார். அவள் அங்கிருந்து நகரமாட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்பாவும் மாமாவும் முன்னால் கயிற்றைப் பிடிக்க, அம்மாவும் பெரியம்மாவும் நானும் பின்னால் தள்ளினோம். இரவல் தோணி, ஈரம் குடித்த மரம். அசையவில்லை. எல்லோரும் ஒரே மூச்சாகத் தள்ளியபோது ஒரு முழம் நகர்ந்தது. பெரியம்மா மணலில் முகங்குப்புற விழுந்தார். எழுந்து, "இரவல் கேட்டதுதான் கேட்டாய், சின்னத் தோணி ஒண்டு கேட்டிரிக்கப்படாதா?" என்று மாமாவை ஏசினார்.

மூச்சு வாங்க நின்ற நேரத்தில் நான் வழக்கம் போல எண்ணினேன். தோணியைச் சுற்றி ஐந்து பேர். பாயில் ஒருத்தி. திரும்பிப் பார்த்தேன். பாய் வெறுமையாக இருந்தது. சிரட்டை மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

"அம்மா, ஒராள் குறையுது" என்றேன்.

"எண்ணாத எண்டு எத்தினை தரம் சொன்னன் உனக்கு!" என்று பெரியம்மா கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவரும் பாயைப் பார்த்துவிட்டார்.

அதன் பிறகு நடந்தது என் நினைவில் ஒரே கூச்சலாக இருக்கிறது. அப்பா பற்றைகளுக்குள் பாய்ந்தார். "நரி... நரி மிதிச்ச அடையாளம் இரிந்திச்சே" என்று மாமா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் ஓடினார். வாவியில் முதலை உண்டு என்பதை அந்த நேரத்தில் பெரியம்மா சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "கண்ணகையம்மாளே, புள்ளயத் தந்திரு, நான் மடிப்பிச்ச எடுத்து வந்து பொங்குறன்" என்று மார்பில் அடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. நடக்காத பிள்ளை எப்படித் தொலையும்?

அம்மா மட்டும் ஓடவில்லை. பாயண்டை போய்க் குனிந்தார். காய்ந்த மணலில் ஒன்றும் தெளிவாக இல்லை. சின்னச் சின்னப் பள்ளங்கள் மட்டும். அம்மா அவற்றைப் பார்த்தபடியே தண்ணீர்ப் பக்கமாகச் சென்றார். நான் பின்னால் போனேன். தண்ணீர் வடிந்து வெளிப்பட்ட ஈர மணல் தொடங்கும் இடத்தில் அம்மா நின்றார்.

காலடிகள். என் உள்ளங்கையளவுகூட இல்லாத காலடிகள், ஒன்றன்பின் ஒன்றாக, விரல்கள் ஐந்தும் பதிந்து. ஓரிடத்தில் விழுந்ததற்கு அடையாளமாக இரண்டு கை பதிந்திருந்தது. அதற்கு அப்பால் மறுபடி காலடிகள். காலை வரை தண்ணீருக்கு அடியில் கிடந்த அந்த மணலில் வேறு ஒரு தடமும் இல்லை.

அம்மா அதை ஒட்டி, ஆனால் அதன் மேல் படாமல், ஓரமாக நடந்தார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். அந்த வெளியின் முடிவில், கொக்குகளுக்கு நடுவே, கணுக்கால் தண்ணீரில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். ஒன்றையும் பிடிக்காமல் நின்றாள். அவளைத் தாண்டிப் பத்தடி போனால் ஆழம் தொடங்கும் என்பதைத் தண்ணீரின் நிறமே சொல்லிற்று. ஒரு கொக்கைப் பார்த்துக் கையை நீட்டி, "வா" என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். அது இரண்டடி தள்ளிப் போனது. இவளும் இரண்டடி போனாள்.

அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பயந்து ஆழத்துக்குள் போய்விடுவாள் என்று நினைத்தாரோ, வாய் எழவில்லையோ, தெரியாது. சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கி, அவளுக்கும் ஆழத்துக்கும் நடுவே போய் நின்றார். தங்கை நிமிர்ந்து அம்மாவைக் கண்டாள். கண்ட கணமே முழங்காலை மடித்துத் தண்ணீருக்குள் தொப்பென்று இருந்தாள்.

"தூக்கு" என்றாள்.

மற்றவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். "எப்பிடிக் கா இவ்வளவு தூரம் வந்தாள்?" என்றார் பெரியம்மா. அம்மா கையை நீட்டி மணலைக் காட்டினார். அப்பா அருகில் போய்ப் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன்.

முதலில் வாய் திறந்தது பெரியம்மாதான். "நான் சொன்னன்தானே! மணல்ல நிப்பாட்டினா உறைக்கும் எண்டு."

"உங்கட குழியில நிண்டு வெளிய வந்து இரிந்ததுதானே" என்றார் மாமா. "இது அத்தான்ட பெட்டிசம் செஞ்ச வேலை. தண்ணி வடியாட்டிக் கொக்கு வருமா? கொக்கு வராட்டி இவள் எழும்புவாளா?"

"நேத்திக்கடன் வைச்சது ஆரு?" என்றார் பெரியம்மா.

நடந்தவளோ அம்மாவின் இடுப்பில் ஏறி, தலையைத் தோளில் போட்டு, விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். இந்த வழக்கில் தனக்குச் சம்பந்தமில்லை என்பது போல.

தோணி இன்னும் மணலில்தான் கிடந்தது. மறுபடி கயிற்றைப் பிடித்தோம். தோணியிலிருந்து தண்ணீருக்கு நேராக ஒரு கோடு கீறினால் அந்தக் கோடு காலடிகளின் குறுக்காகப் போகும். மாமா நேராகத்தான் இழுத்தார். சில முழம் போயிருக்கும். அம்மா ஓடிவந்து தோணிக்கு முன்னால் நின்றார், இடுப்பில் பிள்ளையோடு.

"இதுக்கு மேலால இழுக்க வேணாம்."

"என்னக்கா நீங்க? இருட்டப்போகுது. சுத்திப் போறெண்டா இரண்டு மடங்கு தூரம்."

"வேணாம் எண்டு சொல்லுறன்."

மாமா அப்பாவைப் பார்த்தார். நீதி கிடைக்கும் என்று நானும் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வட்டையில் ஒரு சாண் வரப்பு வளைந்தாலும் பொறுக்கமாட்டார். அவர் போய்த் தோணியின் முன்முனையைத் தோளால் முட்டித் திருப்பினார். தெற்கே போய், காலடிகள் தொடங்கிய இடத்துக்கும் அப்பால் கரைப்பக்கமாக வளைந்து, மறுபக்கத்தால் தண்ணீருக்கு இறக்கவேண்டியிருந்தது. மாமாவின் உள்ளங்கை கயிற்றில் உரிந்துவிட்டது. பெரியம்மா இன்னும் இரண்டு தரம் விழுந்தார். அவர்கூட முணுமுணுக்கவில்லை. தோணியைத் தொட்ட எல்லோரும் அந்தப் பக்கம் கால் வைக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். நான் தவறிப்போய்க் கிட்டப் போனபோது பெரியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

தோணி மிதந்தபோது பொழுது பட்டுவிட்டது. மாமா உரிந்த கையைத் துணியால் சுற்றிக்கொண்டு கோல் ஊன்றினார். அப்பா தண்ணீருக்குள் கையை விட்டு, ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். வயலை நினைத்துக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் எங்கள் கரைக்கு முதுகைக் காட்டி, தீவைப் பார்த்தபடி இருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. இருட்டில் மணலும் தண்ணீரும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

மறுநாள் காலையில் தங்கையைப் பாயில் இருத்தினார்கள். அவள் அங்கேயே இருந்து கோழியை விரட்டச் சொன்னாள். பொங்கல் கழிந்த பிறகுதான் மறுபடி எழுந்து நடந்தாள். அதுவரை பெரியம்மா இன்னொரு தரம் தீவுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சிரித்துவிட்டுப் போனார். படலை திறந்தாலும் ஓடவில்லை. கிணற்றடியில் யார் என்ன கேட்டார்களோ தெரியாது, நன்றாகச் சாப்பிட்டார்.

எனக்கோ அந்தத் தோணி விடயம் மனதை அரித்துக்கொண்டிருந்தது. கண்டதை எல்லாம் எண்ணும் நான் அந்தக் காலடிகளை மட்டும் எண்ணவில்லை. தோணியை நேராக இழுக்கவிடாத ஒரு தடை என்றே அவற்றைக் கண்டேன். அன்று தீவிலிருந்து திரும்பி வரும்போதே, தோணியில் அம்மாவின் பக்கத்தில் இருந்து, விரலால் பலகையில் கோடு கீறிக் காட்டி, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடுதான் கிட்டிய வழி, சுற்றியதால் நாங்கள் இழந்த தூரம் இவ்வளவு என்று விளக்கமாகச் சொன்னேன்.

அம்மா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையைத் தடவி, "ஓம் மனே, உன்ட கணக்குச் சரிதான்" என்றார்.

அது சரிதான் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.